ரைபிள் ட்ரிக்கரை மாற்றலாமா? காசை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் மான் வேட்டைக்கென்று போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (போல்ட் எனும் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் வகை) வாங்கியவர்கள் ஒரு சீசன் முடிந்ததும் கேட்கும் கேள்வி இது: கம்பெனி ட்ரிக்கரைக் கழற்றிவிட்டு, டிம்னி, ட்ரிக்கர்டெக் போன்றவர்கள் தனியாக விற்கும் ட்ரிக்கரைப் போட்டுவிடலாமா? விலை 150 டாலர் அளவில் தொடங்கும்; 250, 300 வரை போகும். ரைபிளே 600 டாலர் என்றால், அதில் கால்வாசிக்கு மேல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு உலோகப் பெட்டிக்குக் கொடுக்கிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் வந்த நல்ல வேட்டை ரைபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு இது தேவையில்லை. சில துப்பாக்கிகளுக்கு நிச்சயம் தேவை, அதிலும் ஒரு வகைக்குத் துல்லியத்தைவிடப் பாதுகாப்புக்காகவே தேவை. உங்களுடையது எந்தப் பக்கம் என்பதை வீட்டில் ஒரு சாயங்காலமும் சுடும் பயிற்சிக் களமான ரேஞ்சில் ஒரு காலைப்பொழுதும் செலவிட்டால் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான முக்கிய விதிவிலக்கு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. நண்பரின் ரைபிளைக் கையில் வாங்கி ட்ரிக்கர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே இது தெளிவாகிவிட வேண்டும்.

ட்ரிக்கரால் முடிவது என்ன?

போல்ட்டை மூடும்போது ஃபயரிங் பின் ஒரு ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு பின்னால் பிடித்துவைக்கப்படுகிறது. பிடித்துவைப்பது சியர் என்கிற துண்டு. ட்ரிக்கரை இழுத்தால் சியருக்குக் கீழே இருக்கும் தாங்கல் விலகும், பின் முன்னால் பாய்ந்து தோட்டாவின் அடியில் முதலில் தீப்பற்றும் பிரைமரைத் தட்டும். இதில் குழலைத் தொடும் சமாச்சாரம் எதுவும் இல்லை. அசையாத ஒரு தாங்கியில் ரைபிளை இறுக்கிக் கட்டிவைத்துச் சுட்டால் இழுக்க 2 பவுண்டு விசை கேட்கும் ட்ரிக்கரும் 7 பவுண்டு கேட்கும் ட்ரிக்கரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சுடும்.

ஆனால் நாம் கட்டிவைத்துச் சுடுவதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தோளுக்கும் குழல் முனைக்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர். தோளை மையமாக வைத்துக் குழல் முனை 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளி விழும். ஒரு சாதாரணத் தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர். அவ்வளவு அசைந்தாலே 1 சென்டிமீட்டர் போய்விட்டது. ஸ்கோப்போடு சேர்த்து 3.5 கிலோ இருக்கும் ஒரு ரைபிளில் 6 பவுண்டு, அதாவது 2.7 கிலோ விசையோடு ஒற்றை விரலால் இழுக்கிறீர்கள் என்றால், அந்த இழுப்பில் கொஞ்சம் பக்கவாட்டில் போனாலும் துப்பாக்கி கூடவே வரும்.

ஆக, நல்ல ட்ரிக்கர் ரைபிளின் துல்லியத்தைக் கூட்டுவதில்லை, நீங்கள் அதைக் கெடுக்கும் அளவைக் குறைக்கிறது. உங்கள் கை ஏற்கனவே சரியாக இருந்தால் லாபம் கொஞ்சம்தான். ட்ரிக்கர் படு மோசமாக இருந்தால் லாபம் அதிகம்.

எடை, அதாவது இழுக்கத் தேவையான விசை, மட்டுமே விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். சியர் விடுபடுவதற்கு முன் ட்ரிக்கர் நறநறவென்று ஊர்ந்து வரும் தூரத்தை ரேஞ்சில் கிரீப் என்பார்கள். விடுபட்ட பிறகும் பின்னால் ஓடும் தூரம் ஓவர்டிராவல். கிரீப் இல்லாத 4 பவுண்டு ட்ரிக்கர், கிரீப் உள்ள 3 பவுண்டு ட்ரிக்கரைவிட எவ்வளவோ மேல். எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரியாதபோதுதான் மனம் முந்திக்கொண்டு வெடுக்கென்று இழுக்கிறது.

படி 1: காலி என்று உறுதி செய்துவிட்டு அளந்து பாருங்கள்

தோட்டாப் பெட்டிகள் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். மேகசினை எடுங்கள். போல்ட்டைத் திறந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். அப்புறம்தான் மற்ற வேலை. இதன் பிறகும் குழல் முனை ஆள் இல்லாத, பாதுகாப்பான திசையைப் பார்த்தே இருக்க வேண்டும்.

லைமன், வீலர் போன்றவர்கள் ட்ரிக்கர் எடை பார்க்கும் கருவி விற்கிறார்கள். ஒரே ஒரு தடவை பார்ப்பதற்கு அதுவும் தேவையில்லை. குழல் முனை மேலே பார்க்க ரைபிளை நிமிர்த்தி வையுங்கள். கோட் மாட்டும் கம்பியை வளைத்து, விரல் படும் இடத்தின் நடுவே ட்ரிக்கரில் மாட்டி, கீழே காலி பிளாஸ்டிக் குடுவையைத் தொங்கவிடுங்கள். கம்பி ஸ்டாக்கில் (ரைபிளின் கட்டையில்) உரசாமல் நேராகத் தொங்கட்டும். காலி அறையின் மேல் போல்ட்டை மூடி, சேஃப்டியை (வெடிக்காமல் தடுக்கும் பூட்டை) விலக்கி, குடுவையில் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். டிக் என்று விடுபட்டதும் நிறுத்திவிட்டுக் குடுவையைக் கம்பியோடு சமையலறைத் தராசில் வையுங்கள். 454 கிராம் ஒரு பவுண்டு.

ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஏழெட்டுத் தடவை எடுத்து எழுதிவையுங்கள். கூடின அளவுக்கும் குறைந்த அளவுக்கும் உள்ள இடைவெளியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் 1.8 கிலோவில் விடுபடும் ட்ரிக்கரோடு பழகிக்கொள்ளலாம். ஒரு முறை 1.3, அடுத்த முறை 1.9 என்று அலையும் ட்ரிக்கரோடு பழகவே முடியாது. வேட்டைக்கு 2.5 முதல் 3.5 பவுண்டு, அதாவது 1.1 முதல் 1.6 கிலோ என்பது பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் நவம்பர் குளிரில் கையுறை போட்டுக்கொண்டு சுடுபவர்கள் 3 பவுண்டுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. மரத்துப்போன விரலுக்கு 1.5 பவுண்டு ட்ரிக்கர் தொட்டதே தெரியாது.

படி 2: கையா, ட்ரிக்கரா என்று பிரித்துப் பாருங்கள்

ரைபிளைத் தாங்கியில் வைத்து, குழலின் மேல், முனைக்குச் சற்றுப் பின்னால் ஒரு நாணயத்தை வையுங்கள். காலித் துப்பாக்கியில் இழுங்கள். நாணயம் விழாமல் தொடர்ந்து பத்து முறை செய்ய முடிந்தால் ட்ரிக்கர் உங்களுக்குப் பெரிய தடை இல்லை. இப்போதைய சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் பிரைமர் உள்ள வகை) ரைபிள்களில் காலியாக இழுப்பதால் பொதுவாகக் கெடுதல் வராது. பாயின்ட் 22 எனும் சின்னத் தோட்டா ரைபிள்களில் சிலவற்றில் பின் போய் அறையின் விளிம்பில் இடிக்கும், அதனால் கையேட்டைப் பாருங்கள் அல்லது ஸ்னாப் கேப் எனும் போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரேஞ்ச். ஒரே பெட்டித் தோட்டாவில், 100 கஜத்தில், முன்னும் பின்னும் மணல் மூட்டை வைத்து ஐந்து ஐந்தாக மூன்று குரூப் சுடுங்கள். ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டம்தான் குரூப், அது எவ்வளவு அகலம் என்பதே அதன் அளவு. பிறகு படுத்தோ உட்கார்ந்தோ, நிஜமாக வேட்டையில் சுடுவது போல மூன்று குரூப். ஒவ்வொரு குண்டும் வெடித்தவுடன் அது எங்கே போயிருக்கும் என்று ஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுப்பதற்குள் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். அப்புறம் தாளைப் பாருங்கள்.

மூட்டையில் 1 அங்குலம், படுத்தால் 4 அங்குலம் என்றால் பிரச்சினை பெரும்பாலும் உடல் நிலையிலும் மூச்சிலும் இருக்கிறது. 200 டாலர் ட்ரிக்கர் அதைத் தீர்க்காது. மூட்டையிலேயே குரூப் சிதறுகிறது, ரேஞ்சில் இருக்கும் கைதேர்ந்த ஒருவர் சுட்டாலும் சிதறுகிறது என்றால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள், ஸ்கோப் பிடிகளின் திருகைப் பாருங்கள். மூட்டையில் அவர் சுட்டால் 1 அங்குலம், நீங்கள் சுட்டால் 2.5, அதுவும் குண்டுகள் இடவலமாக இழுபடுகின்றன என்றால்தான் விரலும் ட்ரிக்கரும் சந்தேகத்துக்கு உரியவை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மானின் நெஞ்சுப் பகுதியில் குறிவைக்கும் வட்டம் சுமார் 8 அங்குலம். 150 கஜத்துக்குள் சுடுபவருக்கு 1.5 அங்குல குரூப் 1 அங்குலமாக மாறினால் ஃபிரீசரில் கறி ஒரு கிலோகூட அதிகமாகிவிடாது.

படி 3: இருக்கும் ட்ரிக்கரைச் சுத்தம் செய்து, திருகிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகப் பணம் கட்டுபவர்கள் நிறையப் பேர். பழைய ரைபிள்களில் ட்ரிக்கர் பெட்டிக்குள் யாரோ அன்போடு ஊற்றிய எண்ணெய் காலப்போக்கில் பிசின் போலாகி, தூசியைப் பிடித்துவைத்திருக்கும். குளிர்காலத்தில் அது இன்னும் இறுகும். லைட்டர் திரவம் போல எச்சம் விடாத ஒன்றால் நன்றாக அலசி, காற்றோட்டமான இடத்தில் நெருப்பு இல்லாமல் உலரவிட்டால், ஒழுங்கில்லாமல் அலைந்த ட்ரிக்கர் நேராகிவிடுவதும் உண்டு. உலர்ந்த பிறகு மறுபடி எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

அதன் பிறகு கையேட்டில் சொன்னபடி எடையைக் குறைக்கலாம். டிக்கா டி3எக்ஸில் 2 முதல் 4 பவுண்டு வரை ஒரு ஆலன் கீயால் மாற்றலாம். ருகர் அமெரிக்கன் 3 முதல் 5. சாவேஜின் அக்யூட்ரிக்கர் மாடலைப் பொறுத்து 1.5 அல்லது 2.5 பவுண்டில் தொடங்கி 6 வரை போகும், திருகும் கருவியைக் கூடவே கொடுக்கிறார்கள். நிறைய ரைபிள்கள் கடையிலிருந்து வரும்போது இந்த வீச்சின் கனமான பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். இதற்கு ஆகும் செலவு பூஜ்யம்.

திருகியபின் ஒவ்வொரு முறையும், காலி ரைபிளில், இந்தச் சோதனை கட்டாயம். போல்ட்டைப் பலமாக அடித்து மூடுங்கள், பின் விழக் கூடாது. சேஃப்டி விலகிய நிலையில் ஸ்டாக்கின் அடிப்பகுதியை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள், விழக் கூடாது. சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை இழுத்து விட்டுவிடுங்கள். பிறகு சேஃப்டியை விலக்குங்கள், அப்போதும் விழக் கூடாது. ஒன்றில் தவறினாலும் எடையைக் கூட்டி மறுபடி பாருங்கள். அப்போதும் தவறினால் துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

சியரை அரத்தாலோ சாணைக்கல்லாலோ தேய்த்து வழவழப்பாக்கும் வீடியோக்கள் ஏராளம். தொடாதீர்கள். அந்த விளிம்பின் கோணமும் கடினமும் சரியாக இருப்பதால்தான் தோட்டா உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கிறது.

இடையில் கொஞ்சம் பழங்கதை

கம்பெனிகள் ஏன் இப்படிக் கனமான ட்ரிக்கரை வைத்து விற்றன? பெரிய காரணம் வழக்கு பயம். தானாக வெடித்தது என்று யாராவது நீதிமன்றம் போனால், லேசான ட்ரிக்கர் வைத்த கம்பெனி மாட்டிக்கொள்ளும். 2000களின் தொடக்கத்தில் சாவேஜ் இதை உடைத்தது. ரான் கோபர்ன் தலைமையில் இருந்த காலத்தில் வந்த அக்யூட்ரிக்கரின் முன்பக்கத்தில் மெல்லிய தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விரல் அந்தத் தகட்டை அழுத்தினால் ஒழிய சியர் முழுசாக விடுபடாது. அதனால் எடையை வாங்குபவரே குறைத்துக்கொள்ளலாம் என்று துணிந்து விட முடிந்தது. பிறகு மாஸ்பெர்க், மார்லின், ருகர் எல்லாம் இதே வகைத் தகட்டோடு வந்தன. மலிவு விலை ரைபிள்களின் ட்ரிக்கர் தரம் உயர்ந்தது இதனால்தான். ட்ரிக்கர் மாற்றுவது கட்டாயம் என்ற பேச்சில் பாதி இதற்கு முந்தைய காலத்துப் பேச்சு.

ரெமிங்டன் 700இன் கதை வேறு. 1962இல் வந்த அந்த ரைபிளில் மைக் வாக்கர் வடிவமைத்த ட்ரிக்கர் இருந்தது. வழவழவென்று, கிரீப்பே இல்லாமல் விடுபடும், அதனால் பேர் வாங்கியது. அதற்குள் கனெக்டர் என்று ஒரு சின்னத் தகடு உண்டு. ட்ரிக்கரோடு அது இணைக்கப்பட்டிருக்காது, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அழுக்கோ இறுகிய எண்ணெயோ இடையில் புகுந்தால் அது தன் இடத்துக்கு முழுசாகத் திரும்பாமல் போகலாம், அப்போது சேஃப்டியை விலக்கினாலோ போல்ட்டைத் தொட்டாலோ வெடிக்கலாம் என்பதுதான் பல ஆண்டுகள் நடந்த வழக்குகளின் சாரம். வடிவமைப்பில் குறை இல்லை என்றே கம்பெனி சொல்லிவந்தது. கனெக்டர் இல்லாத எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர் 2006 வாக்கில் வந்தது. அதையும் 2014 ஏப்ரலில் திரும்ப அழைத்தார்கள். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்யப்பட்டவற்றில் தொழிற்சாலையில் பூசிய பசை அதிகமாகிப் போயிருக்கலாம் என்பது காரணம். கூட்டு வழக்கில் ஒரு உடன்பாடு வந்து இலவச மாற்று கொடுத்தார்கள், அதற்கான காலம் முடிந்துவிட்டது.

ஆக, மாமனாரிடமிருந்தோ பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தோ பழைய 700 ஒன்று கைக்கு வந்து, உள்ளே இருப்பது வாக்கர் ட்ரிக்கர் என்றால், எடை, குரூப் எதையும் அளந்துகொண்டிருக்க வேண்டாம். மாற்றுங்கள். திரும்ப அழைத்த காலத்து எக்ஸ்-மார்க் ப்ரோ சரிசெய்யப்படாமல் இருந்தாலும் அப்படித்தான். இந்த வழிகாட்டியில் பாதுகாப்புக்காக யோசிக்காமல் செலவழிக்கச் சொல்லும் ஒரே இடம் இது.

படி 4: உங்கள் ரைபிள் எந்தப் பக்கம்?

டிக்கா, பெர்காரா, அக்யூட்ரிக்கர் உள்ள சாவேஜ் வைத்திருப்பவர்கள் வேட்டைக்காக மாற்ற வேண்டியதில்லை. அந்த 200 டாலருக்கு, ரவுண்டுக்கு 1.5 டாலர் என்று வைத்துக்கொண்டால், 308 என்ற அளவுத் தோட்டா 130 ரவுண்டு வரும். அதைச் சுட்டுத் தீர்த்தால் கிடைக்கும் முன்னேற்றம் ட்ரிக்கரில் கிடைக்காது. டிக்காவில் இன்னும் லேசாக வேண்டும் என்றால் வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றும் வழி உண்டு, இருபது முப்பது டாலருக்குள் முடியும்.

ருகர் அமெரிக்கன் நடுவில் நிற்கிறது. 3 பவுண்டுக்குத் திருகியும் அளவுகள் அலைந்தால் மாற்றலாம். ஆனால் ரைபிளின் விலையில் பாதியை நெருங்கும் ட்ரிக்கரை அதில் போடுவதைவிட, அடுத்த ரைபிளுக்குச் சேர்த்துவைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

ருகர் 10/22 எனும் பாயின்ட் 22 ரைபிள் வைத்திருப்பவர்களுக்குப் பதில் சுலபம். அதன் ட்ரிக்கர் 6 பவுண்டுக்குப் பக்கத்தில், சேற்றில் கால் வைத்தது போல இருக்கும். ருகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிக்கர் 3 பவுண்டுக்குள் அடங்கும், 100 டாலருக்குள் கிடைக்கும், இரண்டு பின்களைத் தட்டி எடுத்தால் மாறிவிடும். தோட்டா மலிவு, நிறையச் சுடுவீர்கள், ஒவ்வொரு குண்டிலும் பலன் தெரியும். துல்லியத்துக்காக மாற்றத் தகுந்தது என்று நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

ராணுவ ரைபிள் பாணியில் வரும் ஏஆர்-15 இன்னொன்று. ராணுவ அளவுகோலின்படி அதன் ட்ரிக்கர் 5.5 முதல் 9.5 பவுண்டு வரை இருக்கலாம். சிப்பாய்க்கு அது சரி, தாளில் துளை போடுபவருக்குத் தொல்லை. கைசலி, லாரூ போன்றவர்களின் இரண்டு கட்ட ட்ரிக்கர் (முதலில் லேசாக நகர்ந்து ஒரு தடுப்பில் நின்று, பிறகு விடுபடுவது) போட்டால் வித்தியாசம் முதல் குரூப்பிலேயே தெரியும். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிஎம்பி என்ற அமைப்பு ராணுவ வகை ரைபிள்களுக்காக நடத்தும் சர்வீஸ் ரைபிள் போட்டியில் 4.5 பவுண்டுக்குக் குறைந்தால் அனுமதி இல்லை. வேகமாகச் சுட வைப்பதாகச் சொல்லி விற்கும் சாதனங்கள் பக்கம் போகாதீர்கள், அது துல்லியத்துக்கும் உதவாது, சட்டச் சிக்கலையும் கூட்டிவரும்.

ஒலிம்பிக் பாணிச் சுடுதல் தனி உலகம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் குறைந்தபட்ச எடை உண்டு, ஏர் ரைபிளுக்கு அப்படி எல்லையே கிடையாது. வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போட்டி ரைபிள்களின் ட்ரிக்கர் தொழிற்சாலையிலிருந்தே பல விதமாக நகர்த்தித் திருகும்படி வருகிறது. மாற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேட்டை ரைபிளிலும் அப்படி வேண்டும் என்று ஆசைப்படுவதுதான் ஆபத்து.

படி 5: வாங்குவதென்று முடிவானால்

முதலில் பொருந்துமா என்று பாருங்கள். ரெமிங்டன் 700இன் ட்ரிக்கர் அமைப்பைப் பலர் பின்பற்றுவதால், பெர்காரா பி-14 போன்றவற்றிலும் அதற்கான ட்ரிக்கர்களே பொருந்தும். இடது கை போல்ட்டா, சேஃப்டி ட்ரிக்கரோடு வருகிறதா, போல்ட்டை விடுவிக்கும் நெம்புகோல் உங்களுடையதில் ட்ரிக்கரில் இருக்கிறதா, போல்ட் ஓடும் உலோக உடலான ஆக்‌ஷனில் இருக்கிறதா என்பதையெல்லாம் ஆர்டர் போடும் முன் சரிபாருங்கள். திரும்ப அனுப்பப்படுவதில் பாதி இதனால்தான் என்று சொன்னால் நம்பலாம் போலிருக்கிறது.

வேட்டைக்கு எடை 1.5 முதல் 4 பவுண்டு வரை மாற்றக்கூடியதை வாங்கி, 2.5க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிக்கர்டெக்கில் சியருக்கும் ட்ரிக்கருக்கும் நடுவே ஒரு சின்ன உருளை இருக்கிறது, உரசுவதற்குப் பதிலாக உருண்டு விடுபடுகிறது. அதனால் கிரீப் விரலுக்குத் தெரிவதில்லை. டிம்னி 1946இலிருந்து இதையே செய்துவரும் கம்பெனி, அமைப்பு எளிமையானது. இரண்டில் எது என்பது விரலின் விருப்பம். வளைந்ததா தட்டையானதா என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

படி 6: மாற்றுவதும், மாற்றியபின்னும்

700 வகையில் வேலை எளிதுதான். ஆக்‌ஷன் திருகுகளைக் கழற்றி ஸ்டாக்கைப் பிரித்தால் ட்ரிக்கர் இரண்டு குறுக்குப் பின்களில் தொங்கிக்கொண்டிருக்கும். பின்னைத் தட்டும்போது போல்ட் பின்னால் கழன்று வராமல் நிறுத்தும் போல்ட் ஸ்டாப்பின் சின்ன ஸ்பிரிங் குதித்து ஓடும், அதனால் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் தட்டுங்கள். பழைய ட்ரிக்கரை எடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குப் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ரைபிள் புதிது என்றால் வாரண்டி என்ன சொல்கிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

பூட்டியதும், புதிய ட்ரிக்கரின் எந்தப் பகுதியும் ஸ்டாக்கின் உட்புறத்தில் உரசவில்லை என்று பாருங்கள். உரசினால் சேஃப்டி இறுகும், ட்ரிக்கர் திரும்பாது. படி 3இல் சொன்ன மூன்று சோதனைகளையும் காலித் துப்பாக்கியில் மறுபடி செய்யுங்கள். தண்ணீர்க் குடுவையால் மறுபடி அளந்து, பழைய அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அப்புறம் சில நாள், தினமும் கொஞ்ச நேரம் காலியாக இழுத்துப் பழகுங்கள். 6 பவுண்டில் பழகிய விரல் 2.5 பவுண்டில் முதலில் திடுக்கிடும், குறிவைத்து முடிப்பதற்குள் சுட்டுவிடும். ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே விரலை வைக்கும் பழக்கம் இப்போது இரண்டு மடங்கு முக்கியம்.

ரேஞ்சில் முதல் தோட்டாவை ஒன்று மட்டும் போட்டுச் சுடுங்கள், மேகசினை நிரப்ப வேண்டாம். ஆக்‌ஷன் திருகுகளைக் கழற்றி மாட்டியதால் ஜீரோ, அதாவது ஸ்கோப் குறியும் குண்டு விழும் இடமும் பொருந்தும் அமைப்பு, நகர்ந்திருக்கலாம், அதைச் சரிசெய்த பிறகுதான் குரூப்பை ஒப்பிடுங்கள். அதே தோட்டா, அதே தூரம், மணல் மூட்டையில் மூன்று குரூப், படுத்து மூன்று. பழைய தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படுத்துச் சுட்ட குரூப் குறையவில்லை என்றால், பழைய ட்ரிக்கரை டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு அடுத்த ரைபிளுக்கு வேறு முடிவெடுக்கலாம். ரைபிளை விற்கும்போது கம்பெனி ட்ரிக்கரைத் திரும்ப மாட்டிவிட்டுப் புதியதைத் தனியாக விற்பவர்களும் உண்டு. அப்படிச் செய்வதென்றால் வாக்கர் ட்ரிக்கரை மட்டும் திரும்ப மாட்டி யாருக்கும் விற்காதீர்கள்.